மனசு விட்டுப் பேசிய மேல்வீட்டுக்காரர்

மேல்வீட்டுக்காரர் என்றுதான் அவரைக் கொட்டகையில் எல்லோரும் கூப்பிட்டார்கள். வீடு என்னவோ அவருக்குத் தரைத்தளத்தில்தான், அதுவும் வாடகை வீடு, தும்மினால் பக்கத்து வீட்டில் திட்டு விழும். பெயர் வந்தது வேலையால். இரும்புத் தகடுகளைப் பாய் மாதிரி சுருட்டி அடுக்கும் பெரிய கொட்டகை அது. கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டு தண்டவாளம், அதன்மேல் ஓடும் கிரேன், கிரேனின் வயிற்றில் தொங்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணியேறி அதற்குள் போனாரென்றால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவார். "மேல்வீட்டுக்காரரே, கீழ்வீட்டையும் கொஞ்சம் பாருங்க!" என்று கீழேயிருந்து கத்துவார்கள். அவர் யானை எடையுள்ள சுருளைத் தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி சத்தமில்லாமல் இறக்கி வைப்பார். அந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அது அவருக்கும் தெரியும், அதனால் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

சங்கிலியை மாட்டிவிட்டுச் சரக்குக்கு நேர் கீழே நிற்கிற ஆள் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். "மாமா மேல, நான் கீழ. எங்க குடும்பத்துல ஆளுக்கொரு மாடி," என்று மச்சினன் பெருமையடித்துக்கொள்வான். வாய் ஓயாத ஆள்.

ஐம்பதைத் தாண்டியதும் மேல்வீட்டுக்காரருக்கு அடிக்கடி ஒன்றுக்கு முட்டும் தொந்தரவு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஏணியிறங்கி ஏற முடியுமா? கூண்டுக்குள் வாயகன்ற பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டார். வேலை நடுவில் கிரேனை நிறுத்தினால் பிரேக்கைப் போட்டுவிட்டு மணியடிக்க வேண்டும் என்பது கொட்டகைச் சட்டம். மணி கேட்டதும் மச்சினன் ஆரம்பித்துவிடுவான்: "போச்சுடா, மேல்வீட்டுல மழை! குடை வச்சிருக்கவங்க பிரிங்க!" கொட்டகையே சிரிக்கும். மேலேயிருந்து அவரும் கையை ஆட்டுவார்.

ஆனால் எல்லா மணியும் பாட்டிலுக்காக அடித்த மணி அல்ல. அதுதான் விஷயம். சில காலமாக அவருக்கு மேலே இருக்கும்போது திடீரென்று கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். விரல்கள் யாரோ இரவல் கொடுத்த விரல்களாகிவிடும். கூண்டின் தரை இப்போது திறந்துகொள்ளப் போகிறது, நான் விழப்போகிறேன், செத்தேன் என்று தோன்றும். அந்த நொடியே கைப்பிடிகளை விட்டுவிடுவார். விட்டால் கிரேன் தானாக நின்றுகொள்ளும். பிரேக்கைப் போட்டு, மணியை அடித்துவிட்டு, இரண்டு முழங்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அது போகும்வரை உட்கார்ந்திருப்பார். கீழே குடை ஜோக்கு ஓடிக்கொண்டிருக்கும். போனபிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார். ஒரு நாளும் ஒரு சுருள்கூடக் கைதவறியதில்லை. கேலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்தக் கொட்டகையைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். அங்கே ஆம்பளை உடம்பு என்றாலே சிரிப்புச் சமாச்சாரம். பெயின்ட் அடிக்கிறவருக்குக் குடலிறக்கம் வந்து காலை அகட்டி அகட்டி நடந்தார். ஆபரேஷன் முடியும்வரை அவரை வாத்து என்றுதான் கூப்பிட்டார்கள். முடிந்தபிறகும் வாத்துதான். இவர் டாக்டரிடம் போகாமலும் இல்லை. இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, டென்ஷனைக் குறைச்சுக்கங்க" என்றார் அவர். அடுப்பைக் குறைக்கிற மாதிரி திருகிக் குறைக்க டென்ஷனுக்குக் குமிழ் எங்கே இருக்கிறதென்று மட்டும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டதற்கு வாயு என்று சொல்லிவைத்தார். மனைவி நம்பிவிட்டாள், பாவம், இரவெல்லாம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

இப்படியே ஓட்டியிருப்பார். ஒரு படம் வந்து கெடுத்தது.

பக்கத்துக் கொட்டகையில் பெட்டி கட்டும் ஆள் ஒருவர், யாரோடும் சண்டை சச்சரவில்லாதவர், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். உயிரோடு இருந்தவரை அவர் வந்தாரா போனாரா என்று கவனிக்காத நிர்வாகம், இப்போது ஆண்களின் உடல்நலமும் மனநலமும் என்று துணியில் எழுதி உணவுக்கூடத்தில் கட்டியது. தொழிலாளர் நல அதிகாரி ஒரு அம்மா. நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். நல்ல மனுஷர்களால் வருகிற கேடுதான் தாங்க முடியாதது. அவர் திரையும் கருவியும் கொண்டுவந்து எல்லோரையும் உட்காரவைத்து ஒரு படம் போட்டார்.

படத்தில் கதாநாயகன் பஸ் ஓட்டுகிறான். வண்டி நிறைய ஜனம் இருக்கும்போது அவனுக்கு மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது. நடுக்கத்திலும் தலைமுடி மட்டும் கலையவில்லை, அது வேறு விஷயம். யாரிடமும் சொல்லாமல் புழுங்குகிறான். கடைசியில் டிப்போவில் எல்லோர் முன்னாலும் நின்று, "எனக்குப் பயமா இருக்கு" என்று உடைகிறான். அவ்வளவுதான், பின்னணியில் வயலின். கண்டக்டர், மெக்கானிக், முறைத்துக்கொண்டே திரிந்த மேனேஜர், ஆளாளுக்கு ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். அடுத்த காட்சியில் அவன் சிரித்துக்கொண்டே பஸ் ஓட்டுகிறான்.

மேல்வீட்டுக்காரர் இருட்டில் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தனக்கு இருப்பது இன்னொருத்தனுக்கும் இருக்கிறது என்பதையே அவர் அன்றைக்குத்தான் கண்டார். அந்த ஆறுதல் சாதாரண ஆறுதலில்லை. விளக்குகள் எரிந்தன. அதிகாரி அம்மா மைக்கைப் பிடித்து, "இங்கயும் அப்படி யாராவது இருக்கலாம். மனசு விட்டுப் பேசுங்க. இது உங்க குடும்பம் மாதிரி" என்றார். மாதிரி என்று அந்த அம்மா சொன்னதை இவர் கவனிக்கவில்லை. எழுந்துவிட்டார்.

எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். வியர்வை, நெஞ்சு, விரல், தரை திறப்பது, மணி. "நீங்க பாட்டில்னு நினைச்சு சிரிப்பீங்க... பாதி நேரம் அது பாட்டில் இல்லீங்க" என்றபோது குரல் போய்விட்டது. கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஃபோர்மேன் வந்து கட்டிக்கொண்டார், போட்டோ எடுக்கும்வரை கட்டிக்கொண்டே இருந்தார். வாத்துகூட அழுதார். மச்சினனும் தட்டினான். பிறகு அவன் கைகள் மெல்ல நின்றன. தான் குடை குடை என்று கத்திய நேரமெல்லாம் தலைக்கு மேலே என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று அவன் கணக்குப் போட ஆரம்பித்திருந்தான்.

மறுநாள் காலை மேல்வீட்டுக்காரர் பஞ்சு மாதிரி ஏணியேறினார். நெஞ்சில் பாரமே இல்லை. வேலை நடுவில் முட்டிக்கொண்டு வந்தது, உண்மையாகவே அதற்குத்தான், பிரேக்கைப் போட்டு மணியடித்தார். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, குடை ஜோக்கு வரும் என்று கீழே பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஓடினார்கள். கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டுச் சுவரோரமாக ஓடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் மச்சினன்.

அவர் பாட்டிலைக் கண்ணாடி வழியாகத் தூக்கிக் காட்டினார். "இதுக்குத்தாங்க! இதுக்குத்தான்!" என்று கத்தினார். கூண்டுக்குள்ளிருந்து சத்தம் வெளியே போகாது.

அந்த வாரமே மச்சினன் ஃபோர்மேனிடம் போய், தன்னை அந்தக் கிரேனுக்குக் கீழே நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டான். ஒருவன் சொன்னதும் மற்றவர்களும் சொன்னார்கள். மாலையில் வீட்டுக்கும் வந்தான், வாசலிலேயே நின்று சொன்னான்.

"மாமா, உங்க மேல எனக்கு மரியாதை இல்லாம இல்ல. ஆனா எனக்கும் பிள்ளைங்க இருக்கு. நீங்க எங்க வேணா இருங்க, என் தலைக்கு மேல மட்டும் வேண்டாம்."

"இத்தனை வருஷத்துல எதையாவது கீழ போட்டிருக்கேனாடா?"

"போட்டிருந்தா நான் இங்க வந்து பேசிட்டு இருக்க மாட்டேனே."

அவன் சொன்னது நியாயம்தான், அந்த நியாயம்தான் அவரைக் கொன்றது. உள்ளேயிருந்து மனைவி வந்தாள். அவளுடைய கோபம் வேறு. "ஊர் முழுக்க மைக் வச்சு சொல்லத் தெரிஞ்சுது. வெந்நீர் வச்சுக் குடுத்தவகிட்ட வாயுன்னு சொன்னீங்க. நான் என்ன மடச்சியா?" என்று கேட்டுவிட்டு, தம்பிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இவருக்குக் கொடுக்கவில்லை.

மேலிடம் அவரைக் கூப்பிட்டது. எல்லோரும் அவரைத் தங்கமாக நடத்தினார்கள். "உங்க நல்லதுக்குத்தான்" என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னார்கள். கிரேன் போயிற்று. வேலை போகவில்லை. அதிகாரி அம்மா அவரைத் தன் துறைக்கே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு கொட்டகையாக, ஒவ்வொரு கிளையாக அந்தப் படத்தைப் போட வேண்டும்; படம் முடிந்து விளக்கு எரிந்ததும் இவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதுதான் இனி வேலை.

முதல் இரண்டு மூன்று தடவை நிஜமாகவே அழுதார். போகப்போக அழுகை வரவில்லை. "கொஞ்சம் வேகமா போயிடறீங்க. பாட்டில் இடத்துல ஒரு நிமிஷம் நிறுத்துங்க, அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கங்க. அது நல்லா இருக்கும்" என்று அந்த அம்மா பாசமாகச் சொல்லிக்கொடுத்தார். அவரும் நிறுத்தினார், குனிந்தார். கைதட்டல் கூடிற்று. மேலே வந்துகொண்டிருந்த தடதடப்பு இப்போது தரைக்கே இறங்கி வந்துவிட்டது. குளிக்கும்போது வந்தது, செருப்பு மாட்டும்போது வந்தது. நிறுத்துவதற்குப் பிரேக்கும் இல்லை, அடிப்பதற்கு மணியும் இல்லை. அதைச் சொல்லலாமா என்று ஒருமுறை கேட்டார். "வேண்டாம், இப்ப சரியாயிடுச்சுன்னு முடிச்சாத்தான் மத்தவங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றார் அம்மா.

கூண்டுக்கு ஆள் வேண்டுமே. கீழே நின்றே எல்லா நெளிவுசுளிவும் தெரிந்தவன் என்று மச்சினனுக்குப் பயிற்சி கொடுத்து ஏற்றிவிட்டார்கள். மேல்வீட்டுக்காரர் என்ற பெயரும் அவனோடு ஏறிக்கொண்டது. இவரைச் சிலர் பழைய மேல்வீட்டுக்காரர் என்றார்கள், பலர் படக்காரர் என்றார்கள்.

சில மாதம் கழித்து மச்சினன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். வாய் ஓயாதவன் வாயே திறக்கவில்லை. முகம் சப்பிப் போயிருந்தது. அக்காள் அடுப்படிக்குப் போனதும் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, உங்களுக்கு அது... முதல்ல எப்படி ஆரம்பிச்சுது? விரல்லயா?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

அவர் அவன் விரல்களைப் பார்த்தார். அவன் அவற்றை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டான். அன்றிரவு மனைவி, "தம்பி தூங்கறதே இல்லையாம். நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கணும்" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பழைய கொட்டகையில் புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி படம் போட்டார்கள். அதே உணவுக்கூடம். பஸ் ஓடியது, வயலின் அழுதது, விளக்குகள் எரிந்தன. அவர் எழுந்து சொன்னார், பாட்டிலில் நிறுத்தினார், குனிந்தார், சரியாகிவிட்டது என்று முடித்தார். கைதட்டல் அடங்கியபோது பின்வரிசையில் மச்சினன் பாதி எழுந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. படம் அவனையும் பிடித்துவிட்டது.

அவன் யாரையும் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்தான். சொல்லட்டுமா என்று முகம் கேட்டது. இவர் தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்று காட்டியிருந்தால் போதும், உட்கார்ந்திருப்பான். வீட்டுக்குக் கூட்டிப்போய், மணியடித்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொள்ளடா, எவனிடமும் சொல்லாதே, ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். உலகத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். முன்வரிசையில் சங்கிலி மாட்டுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு இவர்கள் எந்தச் சுவர் பக்கம் ஓடுவார்கள் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

அவர் மைக்கை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோனார். மச்சினன் தோளில் கைபோட்டார். அந்த அம்மா சொல்லிக்கொடுத்த அதே கனிந்த குரலில், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பயப்படாத மாப்ள. இது நம்ம குடும்பம். மனசு விட்டுச் சொல்லு."

அவன் மைக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, விரலிலிருந்து ஆரம்பித்தான். அவர் பக்கத்திலேயே நின்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் நெஞ்சு சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. அவன் சொல்லி முடித்து விம்மியபோது முதலில் கைதட்டியவர் அவர்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.