கல்லைப் படித்தாலும் டாக்டராகலாமா?

இரண்டு வருடங்களுக்கு முன், மெல்பேர்னில் மகளின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த கிழமை அது. நேரடியாக மருத்துவம் படிக்கப் புள்ளி சற்றுப் போதவில்லை. முதலில் ஒரு பட்டம், பிறகு நுழைவுத் தேர்வு, அதன்பின் மருத்துவம் என்றுதான் போகவேண்டும். அந்த முதல் பட்டம் எது என்பதில்தான் வீட்டில் சண்டை.

மகளுக்குப் பாறைகள் என்றால் பைத்தியம். ஜியாலஜிதான் படிப்பேன் என்றாள். பயோமெடிசின்தான் என்று கணவர் ஒற்றைக் காலில் நின்றார். ஸ்பிரிங்வேல் கடையில் கண்ட தெரிந்த அக்கா ஒருவர், "கல்லைப் படிச்சுப்போட்டு என்ன, கிட்னிக் கல்லோ எடுக்கப் போறாள்?" என்று சிரித்தார். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எந்தப் பக்கம் பேசுவதென்றே தெரியவில்லை.

விண்ணப்பத்தில் கொடுத்த விருப்பப் பாடத்தை மாற்ற இரண்டே நாள் இருந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்தில் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். கணவருக்கு வேலை. நான் மகளோடு போனேன். மண்டபம் நிறையப் பெற்றோர். மருத்துவப் பேராசிரியை பேசி முடித்து, கேள்விகள் உண்டா என்றார். ஒருவரும் அசையவில்லை.

"கேளன் பிள்ளை."

"ஐயோ அம்மா, எல்லாரும் பாப்பினம். ஈமெயில் பண்ணுவம்."

பதில் வருமுன் நாள் கடந்துவிடுமே! என் கை எப்படித்தான் உயர்ந்ததோ. கடையில் விலை கேட்கவே தயங்குகிறவள் நான். மைக் வந்ததும் எழுந்து நின்றேன். தெரிந்த ஆங்கிலத்தில், "என் மகள் கல்லைப் பற்றிப் படித்தால் பிறகு டாக்டராகலாமா?" என்று கேட்டேன்.

சிலர் சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. தங்கள் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் பட்டமும் சரிதான் என்றார். சில இடங்களில் குறிப்பிட்ட பாடங்கள் கேட்பார்கள், அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொன்னார். நல்ல புள்ளி வேண்டும், பிடித்ததைப் படித்தால் அது சுலபமாக வரும் என்றார்.

அவ்வளவுதான்! மண்டபம் முழுக்கக் கைகள். இசை படிக்கலாமா, கணக்கியல் படிக்கலாமா என்று கேள்விகள் பறந்தன. பின்வரிசையிலிருந்த சீன அம்மா ஒருவர் என் தோளைத் தட்டிக் கட்டைவிரலைக் காட்டினார்.

வெளியே வந்ததும், "அம்மா, யூ ஆர் கிரேஸி!" என்று மகள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும்தான் குதித்தேன். ரயில் வருமுன் பிளாட்ஃபாரத்தில் நின்றே கணவருக்குப் போன் செய்து, பேராசிரியையின் பதிலைச் சொன்னேன்.

"ஆர் கேட்டது?"

"நான்தான்."

"நீரோ? மைக்கிலயோ?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப சரி, கல்லையே படிக்கட்டும்."

மகள் இப்போது இரண்டாம் ஆண்டு. நுழைவுத் தேர்வுக்கும் தயாராகிறாள். டாக்டராவாளோ, தெரியாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம், கூச்சம் என் பிறவிக்குணம், மாறவே மாறாது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேனே என்று எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.