கம்பத்தடியில் கத்தும் உத்தியோகம்

அன்னவாசல் பக்கம் தென்னை ஏறிக் காய் பறிப்பதுதான் அப்போது என் பிழைப்பு. இரண்டு வருஷம் மழை பொய்த்ததில் மரங்கள் காய்ப்பதை நிறுத்திக்கொண்டன. அந்த நேரம் பார்த்து மாமன் மகளைப் பெண் கேட்டுப் போனேன்.

"மாசச் சம்பளக்காரனுக்குத்தான் எம் மக. ஆவணிக்குள்ள வேலையோட வா. இல்லேன்னா வேற எடம் பாக்குறேன்" என்று மாமன் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார். வந்த ஆத்திரத்தில் அவர் வீட்டு மோரைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டேன்.

புதுக்கோட்டை ஊருக்குள் அப்போதுதான் கரண்டுக் கம்பம் நட்டிருந்தார்கள். ஏறத்தான் ஆளில்லை. படித்தவர்கள் மனு எழுதிக்கொண்டு வந்தார்கள், கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் மரமேறிகளுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நாலு பேர் போனோம்.

கம்பியில் இன்னும் கரண்டு விடவில்லை. உச்சியில் இருக்கும் பீங்கான் குமிழைக் கழற்றி இறக்க வேண்டும், அதுதான் பரீட்சை. மற்ற மூவரும் பரீட்சை வைத்த இன்ஜினியரின் தொப்பிக்குப் பயந்து, சத்தமே போடாமல் பூனைபோல ஏறி, குமிழை மடியில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். எனக்கு அந்தப் பயம் கிடையாது. மரமேறுமுன் கொல்லைப் பெண்களுக்குக் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம்.

"ஏறுறேங்க! பொம்பளைங்க உள்ள போயிருங்க!"

"எதுக்குய்யா இந்தக் கத்து கத்துறே?" என்றார் இன்ஜினியர்.

உச்சிக்குப் போய்க் குமிழைத் திருகினேன். பாழாய்ப்போன கை, பழக்கதோஷம்! "கீழ விலகு!" என்று தேங்காயைப் போடுவதுபோலப் போட்டுவிட்டேன். அது இன்ஜினியரின் பூட்ஸ் பக்கத்தில் சுக்குநூறாகியது.

"உனக்கு வேலை கெடையாது, எறங்கிப் போய்யா!" என்றார்.

ஆவணிக் கல்யாணம் அவ்வளவுதான் என்று இறங்கினேன். வாய் மட்டும் அடங்கவில்லை. "தேங்காய்னா ஒடைஞ்சாலும் திங்கலாம். இது எதுக்காகும்?" என்று முணுமுணுத்தேன்.

அப்போது பக்கத்துக் கொல்லைக் கதவு திறந்தது. ஈரத்தலையோடு, கையில் செம்போடு ஒரு அம்மாள்.

"கெணத்தடியில குளிச்சா ஒருத்தன் மாத்தி ஒருத்தன் மேலேருந்து எட்டிப் பாக்குறான்! இந்தத் தம்பி ஒருத்தன்தான் கொரல் குடுத்தான். கொரல் குடுக்காம இனிமே எவனாச்சும் இங்கிட்டு ஏறுனான், கம்பத்தையே புடுங்கிப் போட்டுருவோம்!"

அடுத்தடுத்த சுவர்களுக்கு மேலும் தலைகள் எழும்பி ஆமாம் போட்டன. இன்ஜினியருக்கு வேர்த்துவிட்டது. ஏறுவதற்கு அந்த மூவர், கீழே நின்று கத்துவதற்கு நான் என்று அங்கேயே முடிவானது.

நேரே மாமன் வீட்டுக்குப் போனேன்.

"என்ன வேலை?"

"கரண்டு ஆபீஸ்ல."

"அங்க என்ன செய்யணும்?"

"கத்தணும்."

மாமன் கொஞ்சம் யோசித்தார். "மாசச் சம்பளந்தானே?"

"ஆமா."

"ஆத்தா, மாப்பிள்ளைக்கு மோர் கொண்டா" என்று மகளுக்குக் குரல் கொடுத்தார்.

அன்றைக்கு இரண்டு செம்பு குடித்தேன்.