தானாகக் காய்கிற வெந்நீர்

அப்பா இறந்த பிறகும் அவர் குளிக்க வெந்நீர் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

விடியுமுன் குளியலறையில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகு மெல்லிய இரைச்சல், சுவருக்குள் யாரோ மூச்சு விடுவதுபோல. தண்ணீர் காய்ந்ததும் கீசர் பீப் பீப் என்று கூப்பிடும். அம்மா எழுந்து போவாள். விளக்குப் போடமாட்டாள். வாளியை நிரப்பி, கம்பியில் அப்பாவின் துண்டைப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வாள். நான் குளிக்கப் போகும்போது வாளித் தண்ணீர் ஆறிக் கிடக்கும். துண்டை எடுத்து மடித்து வைப்பேன். மறுநாளும் அது கம்பியில் இருக்கும்.

அப்பா ஐயம்பேட்டைக்கும் டவுனுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். பூ விற்கப் போகும் பெண்கள்தான் முதல் சவாரி, அதனால் இருட்டிலேயே குளிப்பார். வாடகை வீட்டில் இருந்த வரை செப்பு பாய்லர். நடுக்குழாயில் கொட்டாங்குச்சியைப் போட்டுப் பற்றவைத்தால் வெந்நீர். மழையானாலும் கரண்ட் போனாலும் அதற்கு ஒன்றுதான். கெட்டுப்போவதற்கு அதில் எதுவும் கிடையாது. அடியிலிருந்த குழாய் கசிந்தால், பக்கத்து வீட்டுத் தறியில் கழித்துப் போட்ட நூலை மரையில் சுற்றி அப்பா இறுக்கிவிடுவார். புகைதான் தொல்லை. "உங்களுக்கு வெந்நீரு, எனக்குக் கண்ணீரா?" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். வேலை கிடைத்து, செவிலிமேட்டில் சின்னதாக வீடு கட்டியதும், போனிலிருந்தே இயக்கும் கீசர் ஒன்றை மாட்டினேன். பாய்லர் பாத்திரக்கடைக்குப் போயிற்று. மாட்ட வந்த பையன் நம்பர் கேட்டபோது நான் என்னுடையதைச் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா மறித்தார்.

"ஏன், என் போனு இன்னா பொம்மையா? என் நம்பரைப் போடுபா."

அந்தப் பையனிடமே கற்றுக்கொண்டு, தினமும் விடியுமுன் தானாக ஓடும்படி அவரே நேரம் வைத்தார்.

அந்தக் கீசர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வோல்டேஜ் ஏறினால் போர்டு போய்விடும். சில நாள் தண்ணீர் காயாமல் ஏதோ எழுத்தைக் காட்டிவிட்டு நிற்கும். "தண்ணி கேட்டா இங்கிலீஷ்ல திட்டுதுபா" என்று சிரித்துக்கொண்டே அப்பா பச்சைத் தண்ணீரில் குளிப்பார். ஆனால் அவர் வைத்த நேரத்தை மட்டும் அது மறந்ததே இல்லை. போர்டை மாற்றினாலும், கரண்ட் போய் வந்தாலும், அப்பாவின் நம்பரோடு கம்பெனியில் பதிந்திருந்த நேரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போன வருடம் ஆட்டோ ஸ்டாண்டிலேயே அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். போன் தரையில் விழுந்து உடைந்தது. இனி யாருக்கு என்று நானும் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்யவில்லை.

பாய்லராக இருந்திருந்தால் பற்றவைக்க ஆள் இல்லாமல் அன்றே குளிர்ந்திருக்கும் என்று எத்தனையோ விடியலில் நினைத்திருக்கிறேன். சுவரில் ஸ்விட்சை அணைத்து வைப்பேன். படுக்கப் போகுமுன் அம்மா அதைப் போட்டுவிடுவாள். கீசரையே கழற்றிவிடலாமா என்று கேட்டபோது சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். போன மாதம் அந்த இருட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. இடுப்போ தலையோ என்றால் என்ன ஆகியிருக்கும்? கட்டுப் போட்ட கையோடு அடுத்த நாளும் வாளியை நிரப்பினாள்.

கீசரின் ஆப்பை என் போனில் இறக்கி, அப்பா பதிந்த நேரத்தை அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். கீசர் பழுதாகிவிட்டது என்று சொன்னால் அம்மா நம்புவாள், அது பழுதாகாத மாதமா? ஆனால் உள்ளே நுழைய ஓடிபி கேட்டது. அது அப்பாவின் நம்பருக்குத்தான் போகும்.

அந்த நம்பர் செத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆட்டோ பக்கத்தில் நிற்கும் அப்பாவின் படம் திரையில் வந்தது. மணி அடித்தது.

"யாருபா?" என்றது ஒரு பெண் குரல்.

வெந்நீர் கீசரை நிறுத்த வேண்டும், அதற்கு வந்த ஓடிபியைச் சொல்லுங்கள் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.

"ஓடிபியா? வேற ஆளே கெடைக்கலியா உனக்கு? என் பேங்க்ல இருக்கறத நீ எடுத்தா ஒரு டீதான் குடிக்கலாம்."

"இல்லைங்க. இது எங்க அப்பா நம்பருங்க."

"அப்ப உங்கப்பாவைப் பேசச் சொல்லு."

"அவர் இல்லைங்க" என்றேன். போன் துண்டானது.

அன்று சாயங்காலம் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, மாடியில் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போனேன். இறங்கி வந்தபோது அம்மா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. திரையில் அப்பாவின் படத்தைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள்.

"உங்கப்பா போன்ல ஒரு பொம்பள பேசுதுடா" என்றாள்.

வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

"பயப்படாதீங்கம்மா" என்றது அந்தக் குரல். "நான் ஆற்காட்டுல தையல் மிஷின் போட்டுக்கினு இருக்கறேன். கடையில புதுசா சிம்மு வாங்கினேன், இந்த நம்பர குடுத்தாங்க. உங்க பையன் வெந்நீர் மிஷின நிறுத்தறதுக்கு அந்த ஓடிபி கோடு கேட்டாரு. திருடன்னு நெனச்சித் திட்டிட்டேன். மனசு கேக்கல."

நிறுத்துவதற்கு என்று கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆட்டோ அண்ணன் உங்க வூட்டுக்காரராம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். "இன்னமும் அவருக்குப் போன் வருது. கல்யாணப் புடவை எடுக்க வர்றோம், பஸ் ஸ்டாண்டுக்கு வாங்கன்னு சொல்றாங்க. ஒருத்தரு விடியறதுக்குள்ள போட்டு, அண்ணே, கூரம் ரோட்டுல நிக்கிறோம், சின்னக் கொழந்த இருக்குது, சீக்கிரம் வாங்கன்னாரு. நான் வாய் தெறக்கறதுக்குள்ள வெச்சிட்டாரு. திருப்பிப் போட்டா எடுக்கல. எவ்ளோ நேரம் நின்னாங்களோ."

அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நீ இன்னா சொல்லுவ அவங்களுக்கு?"

"ராங் நம்பர்னு சொல்லுவேன். மறுபடியும் போடுவாங்க."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடி நின்றது.

"அவரு செத்துட்டாருன்னு சொல்லிடும்மா" என்றாள் அம்மா. "வருவாருன்னு நிக்கப்போறாங்க, பாவம்."

ஒரு வருடமாக அந்தச் சொல் அவள் வாயில் வந்ததில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட, அவரு இல்ல என்றுதான் சொல்வாள், சவாரிக்குப் போயிருப்பவரைப் பற்றிச் சொல்வதுபோல.

"சொல்லிடறேம்மா" என்றது குரல். "தம்பி, அந்தக் கோடு சொல்லட்டா?"

அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அழுத்தியதும் திரையில் சிவப்பாக எழுத்து வந்தது.

"நேரம் தாண்டிடுச்சும்மா" என்றேன். "செல்லாதாம்."

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னொரு தபா அனுப்பச் சொல்லுடா" என்றாள். பிறகு போனின் பக்கம் குனிந்து, "வெச்சிடாதம்மா, வந்துக்கினு இருக்குது" என்றாள்.