ஒற்றைச் செம்பருத்தி

காரைக்குடி ஸ்டுடியோவின் கண்ணாடி மேசைமீது அந்தப் படம் கிடந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கறுப்பு வெள்ளையில் ஒரு செம்பருத்தி. மதினி அதைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றவர், "இதுல ஒண்ணு குறையுதே" என்றார்.

மதினி என் அண்ணன் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாமல் அண்ணன் பினாங்குக்குப் போய், ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அறுபதுகளின் கடைசி அது. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நேமத்தான்பட்டி வீட்டில் இருந்தேன். அண்ணனின் கடிதங்கள் அப்பா பெயருக்குத்தான் வரும். 'எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்' என்ற கடைசி வரிக்குள் மதினியும் அடக்கம். வருஷங்கள் போயின, ஊருக்கு வருகிற பேச்சே இல்லை. அவர் விட்டுப்போன பெட்டிக் கேமராவோடு மதினி கொல்லைப்பக்கம் போய்ப் பூக்களைப் படமெடுப்பார். ஆட்களை எடுத்ததே இல்லை. "பூவைப் பிடிச்சு என்ன செய்யப் போற, ஒன்னைய ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பு" என்று அம்மா சொல்லிப் பார்த்தார். மதினி அனுப்பத் தீர்மானித்ததும் ஒரு பூவைத்தான்.

கிணற்றடிச் செம்பருத்தியில் விரிந்த பூ ஒன்று. அதையொட்டி, சுருண்ட பூ இன்னொன்று. விரியப்போகிற மொட்டா, வாடிச் சுருண்டதா என்று படத்தில் சொல்ல முடியாது. ஸ்டுடியோக்காரர் வாடியது என்றே முடிவுசெய்து, மெல்லிய தூரிகையால் மை தொட்டு அதை இருட்டோடு இருட்டாக்கியிருந்தார். "வெளிநாட்டுக்குப் போற படம்னு சொன்னீங்களேம்மா. வாடின பூ எதுக்குன்னு எடுத்துட்டேன். வேணும்னா வேற பிரதி போட்டுத் தாரேன்" என்றார். நல்ல மனுஷர், தப்பு செய்ததாக அவருக்குத் தோன்றவில்லை. மதினி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேண்டாம், இதுவே போதும்" என்றார். பின்பக்கம் ஒரு வார்த்தைகூட எழுதாமல் உறையிலிட்டு, தபாலாபீசில் சேர்த்துவிட்டோம். ஏன் அதுவே போதும் என்றார் என்று வழியெல்லாம் கேட்டுப் பார்த்தேன்.

அடுத்த தையில் அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்பா கேட்டதற்கு, "ஒத்தப் பூவா இருந்துச்சுப்பா. அத்தனை பேர் இருக்கிற வீட்டுல அவ தனியாக் கெடக்கான்னு பட்டுச்சு. அங்க இருக்க முடியலை" என்றார். அம்மாவோ, பிள்ளை வேண்டும் என்பதை மருமகள் நாசூக்காகச் சொல்லிவிட்டாள் என்று பக்கத்து வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சுருண்ட பூ இருந்திருந்தால் அண்ணன் என்ன நினைத்திருப்பார், கிளம்பி வந்திருப்பாரா என்று எனக்குக் குழப்பம். மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்படியில் இருந்தார்.

அண்ணன் திரும்பப் போகவில்லை. காரைக்குடியில் சைக்கிள் கடை வைத்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். கடை சரியாக ஓடாத எழுபதுகளில், கோபம் வந்தால் "நீ கூப்பிட்டேன்னுதானே எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்" என்பார். கோபம் ஆறியதும், அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே சொல்லி மதினியின் கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். எது மெய் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அண்ணன் போய்ச் சேர்ந்து, காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் கலைந்த பிறகு நானும் மதினியும் மட்டும் இருந்தோம். தானாகவே பேச்சை எடுத்தார்.

"அந்த ஒத்தப் பூ நான்னு ஒங்கண்ணன் கடைசிவரை நெனைச்சுக்கிட்டிருந்தாக. எனக்கு இங்க நீ இருந்த, மாமா, அத்தை இருந்தாக. நான் எங்க தனியா இருந்தேன்? கூட இருந்ததை அந்த ஸ்டுடியோ மனுஷர் அழிச்சதும், தெரியாத ஊர்ல அவுகதான் ஒத்தையா நிக்கிற மாதிரி இருந்துச்சு. அவுகளைத்தான் அவுகளுக்கு அனுப்புனேன்."

இத்தனை வருஷம் மதினிக்காக இரங்கி வந்ததாக அண்ணனும், அண்ணனுக்காக இரங்கி அழைத்ததாக மதினியும் நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

"இதை அண்ணன்கிட்டச் சொன்னீகளா மதினி?"

"கேட்டிருந்தாகன்னா சொல்லியிருப்பேன்" என்றார்.