என்னைக் கடித்தது மூங்கில் விரியன் இல்லை

ஸ்ட்ரெச்சரில் என் கால்மாட்டில் ஒரு பாலிதீன் பை கிடந்தது. அதற்குள் ஒரு பச்சைப் பாம்பு, தலை நசுங்கிச் செத்திருந்தது. மூங்கில் விரியன். மலையடிவாரத்து மருத்துவமனையின் நடைபாதையில் போவோர் வருவோர் எல்லாம் முதலில் பையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என்னைக் கடித்தது அது இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாம்புக்கடியால் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணை இருப்பவர்களுக்கும் இது உதவலாம். கோபத்தை வடிகட்டிவிட்டு எழுதினால் நடந்தது வேறு ஏதோ ஆகிவிடும்.

எனக்கு வீடு காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில். விலங்கியல் படித்தவள். மேற்கு மலைகளில் குழிவிரியன்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவை வாழும் ஓடைக்கரைகளைக் காப்பாற்றும் திட்டமொன்றில் ஒப்பந்த வேலை பார்த்தேன். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சூட்டை உணரும் குழி இருப்பதால் அந்தப் பெயர். பார்த்துக்கொண்டே கடந்து போவோம், கண்ணில் படாது. மழைக்காலம் முழுக்க நான் மலையில் இருப்பேன். என் கணவர் சகாயம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டு வீட்டில் தனியாக இருப்பார்.

அந்த ஆண்டு கோடை மழைக்கே போயிருந்தேன். பங்குனிக் கடைசி, அன்று காலை தூறல். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓடைச் சரிவில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க ஒரு வேரைப் பிடித்தேன். வேரடியில் கிடந்த சருகுக்குள்ளிருந்து மோதிர விரலில் கடி விழுந்தது. காய்ந்த இலையின் நிறம், குட்டையான உடம்பு, மேலே தூக்கிய மூக்கு நுனி. ஒரு நொடிதான் பார்த்தேன், போதும். நான் தேடிப் போன இனங்களில் அதுவும் ஒன்று.

என் அலறல் கேட்டு தோட்டத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கடித்த பாம்பு சருகுக்குள் மறைந்துவிட்டது. பக்கத்து மூங்கில் புதரில் பச்சைப் பாம்பு ஒன்று அசையாமல் சுருண்டிருந்தது. அதை அடித்துக் கொன்று, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஜீப்பில் என் கூடவே ஏற்றிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

டாக்டர் பையைத் தூக்கிப் பார்த்தார். "மூங்கில் விரியன்தானே? உயிருக்கு ஒண்ணும் ஆகாது. வீக்கம் தானா வடிஞ்சிடும்."

"டாக்டர், கடிச்சது இது இல்ல. பிரவுன் கலரு, மூக்கு மேல தூக்கிக்கினு இருந்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்."

எங்கள் திட்டத் தலைவர் பக்கத்தில் நின்றார். இந்த மலையில் இருக்கும் பாம்புகளை அவருக்கும் நன்றாகத் தெரியும். அவர் சொன்னார்: "பயத்துல இருக்காங்க டாக்டர்."

அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் ஆட்டாமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பாம்புக்கடிக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான். எனக்கு யாரும் செய்யவில்லை. மறுநாள் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சகாயம் வந்து காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போனார்.

வீட்டில் பல் துலக்கினேன். ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. அன்று மாலை சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனது. பிறகு போவதே நின்றது. கால் வீங்கி, கொலுசு தோலுக்குள் புதைந்தது.

ஊருக்குள் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. சிறுநீரக மருத்துவர் ஒரு பெண். நான் சொன்னதை இடைமறிக்காமல் முழுவதும் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"விஷமுறிவு மருந்து போடலாமா மேடம்?" என்று சகாயம் கேட்டார்.

"நம்ம கிட்ட இருக்குற மருந்து நாலு பாம்புக்குத்தான்பா. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவங்க சொல்ற, மலையில இருக்குற விரியனுக்கு அது கேக்காது. முதல் நாளே ரத்தத்தைப் பார்த்திருந்தா, கிட்னியை முன்னாடியே கவனிச்சிருக்கலாம். இப்ப டயாலிசிஸ்தான்."

டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரம் வழியே ஓடவிட்டுச் சுத்தம் செய்வது) வலிக்காது என்பார்கள். வலிப்பது அதன் பிறகான களைப்பு. கழுத்தில் குழாய். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தண்ணீர் அளந்துதான். சித்திரை வெயிலில் உதடு நனைக்க ஒரு துண்டு ஐஸ் கட்டிக்கு ஏங்கினேன். வைகாசியில் கருட சேவை அன்று ரோட்டையெல்லாம் அடைத்துவிட்டார்கள். டயாலிசிஸுக்குப் போன ஆட்டோ ஊரைச் சுற்றிப் போனது. மூச்சு முட்டியபடி அந்த வழி முழுக்க எல்லோரையும் மனத்துக்குள் திட்டினேன்.

பார்க்க வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. எங்கள் சபைப் போதகர் ஜெபிக்கும்போது சர்ப்பத்தைச் சபித்தார். நான் ஆமென் சொல்லவில்லை. எதிர்வீட்டு சரளாக்கா பட்டு நெய்பவர். தறியை விட்டு எழுந்து வந்து, உப்பில்லாமல் சமைத்ததை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாகாத்தம்மனுக்குப் பால் ஊத்தணும்மா. நீங்க வேதக்காரங்க, ஊத்த மாட்டீங்க. உனுக்காக நானே ஊத்திட்டு வந்துட்டேன்." அவரிடம் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

ஒரு நாள் இயந்திரத்தோடு படுத்திருந்தபோது, மலையில் கூட வேலை பார்த்த தோழி ஒரு வீடியோ அனுப்பினாள். ஓடைக்கரை மூங்கில் எரிந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சி செய்யப் போன பெண்ணை மூங்கில் விரியன் கடித்ததாகச் செய்தித்தாளில் வந்திருக்கிறது. உடனே எஸ்டேட் நிர்வாகம் ஆள்வைத்து வெட்டிக் கொளுத்திவிட்டது. நாங்கள் காப்பாற்றப் போன கரை அது.

தலைவருக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

"கடிச்சது அது இல்லன்னு உங்களுக்குத் தெரியும் சார்."

"பேப்பர்ல அப்படிப் போட்டுட்டாங்க கிரேஸ். நீ உடம்பைப் பாரு."

"மறுப்பு குடுங்க."

"எஸ்டேட்டைப் பகைச்சிக்க முடியாதும்மா. அடுத்த வருஷமும் உள்ள போகணும் இல்ல?"

நான் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடிவந்தாள். சகாயம் போனைப் பிடுங்கினார். "உன் கிட்னி போய்க்கினு இருக்குது. நீ மூங்கில் புதருக்கு அழுவுற! என்னைப் பத்தி ஒரு நாளாவது நெனச்சியா?"

அவர் கண்களுக்குக் கீழே கருத்திருந்தது.

வாரங்கள் போயின. ஒரு காலை தானாகச் சிறுநீர் கொஞ்சம் வந்தது. குளியலறையிலிருந்து சகாயத்தைக் கூப்பிட்டேன். அவர் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து அழுதது கேட்டது. மெல்ல மெல்லக் கூடியது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். "பழைய கிட்னி திரும்பாது. இருக்குறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார் மருத்துவர்.

அடுத்த ஆண்டு மழைக்கு நான் மலைக்குப் போனேன். திட்டம் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். சகாயம் தடுத்துப் பார்த்தார். பிறகு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

கொழுந்து பறிக்கும் பெண்களிடம் போனில் இரண்டு பாம்புகளின் படத்தையும் காட்டினேன். கடித்தது இது, நீங்கள் கொன்றது அது என்றேன். மாரியம்மா என்ற பெண் பழுப்புப் பாம்பின் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க நாத்தனாரைக் கடிச்சதும் இதான். ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. மூத்திரம் நின்னு செத்துப்போச்சு. நீங்க வருஷா வருஷம் வந்து பாம்பை எண்ணுறீங்களே, எங்களை யாரு எண்ணுனது?"

நானும் பல மழைக்காலங்கள் அவர்கள் வரிசை வீடுகளைக் கடந்துதான் ஓடைக்குப் போயிருக்கிறேன். செத்தவளைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை. இந்தப் பாம்புக்கு மருந்து இல்லாததன் காரணம் மலையில் இல்லை. கடிபடுகிறவர்கள் யார் என்பதில் இருக்கிறது.

அன்று எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஆனது. எதிர்க்கரை மூங்கிலை அவர்கள் வெட்ட விடமாட்டார்கள். சருகில் கைவைக்கும் முன் குச்சியால் தட்டுவார்கள். யாரைப் பாம்பு கடித்தாலும், அடித்துக் கொண்டுவராமல், முடிந்தால் தூரத்திலிருந்து போட்டோ எடுப்பார்கள். முதலில் ஆளை ஜீப்பில் ஏற்றுவார்கள். தோட்டத்து மருந்தக நர்ஸிடம் கண்ணாடிக் குழாய்கள் வாங்கிக் கொடுத்தேன். பூட்ஸ் கேட்டு அந்தப் பெண்கள் நிர்வாகத்திடம் போனார்கள். இன்னும் தரவில்லை. தலைவர் இன்னும் மறுப்பு கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் என்னால் ஏற முடியவில்லை. பாறையில் உட்கார்ந்தேன். சற்றுத் தள்ளி, சருகின் மேல் அதே இனத்துப் பாம்பு ஒன்று சுருண்டிருந்தது. சகாயத்தின் கை கல்லை எடுத்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"என்னால இத்த மன்னிக்க முடியலடி" என்றார்.

"என்னாலயும் முடியல. கல்லைக் கீழ போடு."

போட்டார்.

அதைப் பார்த்து எனக்கு அன்பு ஊறவில்லை. பயந்தேன். ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். முன்பு இப்படி ஒன்றைக் கண்டால் அளவெடுத்து, படமெடுத்து, அடுத்ததைத் தேடி ஓடுவேன். இப்போது என் உடம்பு ஓடாது. கடிபட்ட விரல் மடங்காது. எதையும் அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும்தான் யோசிக்கிறேன், அதற்கு மேல் நாட்கள் இருப்பதாகக் கணக்கில் வைப்பதில்லை. கொழுந்துக் கூடையோடு பெண்கள் எங்களைக் கடந்து மேலே போனார்கள், குச்சியால் தட்டிக்கொண்டே. "மெதுவா வாங்க, அவசரமில்ல" என்றாள் மாரியம்மா.

மூச்சு திரும்பியதும் எழுந்தேன். கோபம் அப்படியே இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு ஏறும் அளவுக்குத்தான் இப்போது என் வேகம்.