நீராகாமல் போன கற்பூரம்

எங்கள் விஞ்ஞான டீச்சர் காரைதீவிலிருந்து வருபவர். ஒருநாள் பாடம் முடியும்போது, "நாளைக்கு எல்லாரும் வீட்டில இருந்து ஒரு துண்டு கற்பூரம் கொண்டு வாங்க பிள்ளைகள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் ஊரில் அது சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் சாமான். முஸ்லிம் ஊரான எங்கள் சாய்ந்தமருதில் அது மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, கடைசியாகக் குளிப்பாட்டும் தண்ணீரில் கலக்கிற சாமான். மற்றப் பிள்ளைகள் திடுக்கிட்டுப் போனார்கள்.

எனக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. எங்கள் அலுமாரியில் ஒரு டின் கற்பூரம் இருந்தது. ஊரில் பெண்கள் மௌத்தானால் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றப் போவது என் உம்மாதான்.

எனக்கு முன் பிறந்த ராத்தா சின்ன வயதிலேயே காய்ச்சலில் மௌத்தாகிப் போனாள். அவளைக் குளிப்பாட்டியது வேறு பெண்கள். உம்மா ஒரு மூலையில் இருந்தாராம், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். அதற்குப் பிறகுதான் அவர் இந்த வேலைக்குப் போகத் தொடங்கினார். "அவளுக்குக் கல்லு மனசு" என்று மாமிமார் கதைப்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். நானும் அதை நம்பினேன். நான் முழங்காலை உடைத்துக்கொண்டு வந்தாலும் உம்மா மருந்து போடுவாரே தவிர, பதற மாட்டார். அது எனக்குப் பெரிய குறை.

அன்றைக்கு நான் கற்பூரம் கேட்டதும் உம்மாவின் முகம் மாறிவிட்டது. "மையத்துச் சாமானையா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போற? போ புள்ள அங்கால!"

பின்னேரமே அடுத்த தெருவில் ஒரு மௌத்து. உம்மா டின்னைத் திறந்தார். அடியில் கொஞ்சம் தூள்தான் ஒட்டிக்கிடந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அல்லாஹ்மேல சத்தியமா நான் எடுக்கல்ல உம்மா!"

"அப்ப கற்பூரத்துக்குக் காலா முளைச்ச?"

வாப்பா மோட்டார் சைக்கிளில் காரைதீவுக் கடைக்குப் பறந்தார். உம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். கள்ளி என்ற பெயரே போதும், அதிலும் மையத்தின் பொருளை எடுத்த கள்ளி! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நாங்கள் எல்லோரும் வெறுங்கையோடு நின்றோம். டீச்சர் சிரித்துக்கொண்டே தன் கைப்பையிலிருந்து கற்பூரம் எடுத்துச் சூடாக்கிக் காட்டினார். திண்மம் உருகி நீராகாமல் நேரே ஆவியாவது பதங்கமாதல் என்றார். நெருப்புக்கூட வேண்டாமாம், மூடி சரியாக இல்லாவிட்டால் கற்பூரம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுமாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் டின்னை எடுத்துப் பார்த்தேன். மூடி ஒரு பக்கம் நெளிந்திருந்தது. உம்மாவைக் கூப்பிட்டு, டீச்சர் சொன்ன அத்தனையையும் ஒப்புவித்தேன்.

"தண்ணியாகாமலேயா போகும்?" என்று உம்மா கேட்டார்.

"ஓம் உம்மா. ஒரு சொட்டும் வராது."

"அப்ப எங்க புள்ள போகும்?"

"எங்கயும் போகாது. காத்தோடதான் இரிக்கும். வேணுமெண்டா அலுமாரிய மோந்து பாருங்க."

உம்மா அலுமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். வெளியே வர நேரமெடுத்தது. பிறகு, "என்ட புள்ளைய சும்மா ஏசிட்டேனே" என்று என்னை இழுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். வழக்கு வென்ற குஷியில் நான் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கேட்டேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு, பல்கலைக்கழகத்தில் ஒரு உளவியல் வகுப்பு. வெளியே கொட்ட முடியாத உணர்ச்சியை மனம் சிலவேளை பிறருக்கு உதவும் வேலையாக மாற்றிக்கொள்ளும் என்றார் விரிவுரையாளர். பதங்கமாதலுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ, இதற்கும் அதே பெயர்தானாம். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ராத்தா மௌத்தான அன்று ஒரு சொட்டும் விடாமல் மூலையில் இருந்த உம்மாவை நினைத்து எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க புள்ள போகும்?" என்று அன்றைக்கு உம்மா கேட்டபோது, கற்பூரத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன்.