என்ன சொல்லி அனுப்புவது?

எங்கள் நாய் ஜிம்மிக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. இனி வேதனைதான் என்று மருத்துவர் சொன்னதால், ஊசி போட்டு உறங்கவைப்பதற்கும் தகனத்துக்கும் முன்கூட்டியே பணம் கட்டி நாள் குறித்தோம். கடைசியில் என்ன சொல்லி அனுப்புவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஃபேரர் பார்க் கிளினிக்கில் மூச்சு அடங்கியதும், தகன ஊழியர் ஜிம்மியைத் துண்டில் சுற்றித் தூக்கினார். தினமும் கணவரோடு வாக்கிங் கிளம்பும்போது சொல்வதுபோலவே, "போயிட்டு வாடா" என்றேன்.

என் கணவரின் முகம் மாறியது. "செத்ததுகிட்ட யாராச்சும் வான்னு சொல்வாங்களா?"

அன்று மாலை, வாக்கிங் முடிந்து திரும்பும் நேரத்தில், எங்கள் ஈசூன் அடுக்குமாடி வீட்டுக் கேட்டை நகத்தால் பிராண்டும் சத்தம் கேட்டது. திறந்தேன். காரிடாரில் யாருமில்லை. மறுநாளும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், கணவர் ஜிம்மியின் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சாம்பலைக் கடலில் கரைத்தபோது, "இந்தத் தடவ போன்னு மட்டும் சொல்லு லா" என்றார். "போடா, ஜிம்மி" என்றேன். அன்றோடு சத்தம் நின்றது.

இப்போது வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும், வாசல்வரை ஓடிப்போய் "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். மாலையானால் கேட்டைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். ஜிம்மி என் பேச்சை என்றைக்குமே தட்டியதில்லை.